கோகோ: புள்ளையள மட்டும் உக்கார வச்சிட்டு எந்திரிச்சுப் போயிராதீய

மொதல்லயே சொல்லிருதேன், 'கோகோ' வீட்டுல இருக்க அத்தன பேரும் சேந்து உக்காந்து பாக்க வேண்டிய படம், அதுலயும் வயசானவங்க இருக்க வீடுன்னா அவங்களயும் கையப் புடிச்சுக் கூட்டியாந்து சேர்ல உக்கார வச்சிட்டுத்தான் பிளே பட்டன அமுக்கணும். 2017-ல வந்த படம், பிக்சார் எடுத்தது, லீ அன்கிரிச் டைரக்ஷன், அடுத்த வருசம் ரெண்டு ஆஸ்கார் வாங்குச்சு, ஒண்ணு சிறந்த அனிமேஷன் படத்துக்கு, இன்னொண்ணு பாட்டுக்கு. பழைய படம்தான், ஆனா நம்ம திருநெல்வேலிப் பக்கம் எனக்குத் தெரிஞ்சவங்கள்ல பாதிக்கு மேல இன்னும் பாக்கல. கேட்டா "அது பொம்மப் படம்லா, புள்ளையளுக்குப் போட்டு விடுங்க"ங்காவ. போட்டு விட்டுட்டு பெரியவங்க எல்லாம் ஒருத்தர் அடுப்படிக்கு, ஒருத்தர் போனுக்குன்னு போயிருதாவ. அந்தப் பழக்கம் போகணும்னுதான் இத எழுதுதேன். கதை முழுசும் உள்ள வரும், முடிவு தெரியாம பாக்கணும்னு நெனைக்கவங்க படத்தப் பாத்துட்டு வந்து படிங்க.

கதை மெக்சிகோவுல நடக்கு. மிகேல்னு 12 வயசுப் பையன், செருப்பு ஷூ தைக்க குடும்பம். பாட்டுன்னா அவனுக்கு உசுரு, ஆனா வீட்டுல பாட்டு வாய்லயே வரக்கூடாது, தலமுற தலமுறயா தடை. ஏன்னா அவன் பாட்டியோட பாட்டி இமெல்டா, அவங்க வீட்டுக்காரரு கிட்டார எடுத்துக்கிட்டு பாடப் போறேன்னு போனவரு திரும்பி வரவே இல்ல, சின்னப் பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு அந்தம்மா செருப்பு தைக்கக் கத்துக்கிட்டு குடும்பத்தத் தூக்கி நிறுத்துனாவ. செத்தவங்க நாள்னு அங்க நவம்பர் 1, 2 ரெண்டு நாளும் கொண்டாடுவாவ, வீட்டுல படி கட்டி முன்னோர் போட்டோ வச்சு, மெழுகுவர்த்தி ஏத்தி, செத்தவங்களுக்குப் புடிச்ச பண்டமெல்லாம் வச்சுப் படைப்பாவ. அன்னிக்கு ராத்திரி பையன் ஒரு பெரிய பாடகரோட சமாதிக்குள்ள பூந்து கிட்டாரத் தொடப்போயி, உசுரோடயே செத்தவங்க ஊருக்குள்ள போயி மாட்டிக்கிடுதான். சூரியன் உதிக்கதுக்குள்ள குடும்பத்துப் பெரியவங்க ஆசீர்வாதம் பண்ணி அனுப்புனாத்தான் அவன் வீட்டுக்குத் திரும்ப முடியும். செத்தவங்க ஊர்ல இருக்க இமெல்டா பாட்டி ஆசீர்வாதம் பண்ணத் தயார், ஆனா இனிமே பாட மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொல்லுதாவ. பையன் மாட்டேன்னு ஓடுதான். அதுதான் படம்.

இப்ப சொல்லுங்க, இது நம்ம ஊருக்குத் தெரியாத கதையா? ஆடி அமாவாசைக்கு பாபநாசத்துல தாமிரபரணிக் கரையில நிக்க கூட்டத்தப் பாத்தவங்களுக்கு, பங்குனி உத்திரத்துக்கு எந்த ஊர்ல வேல பாத்தாலும் பஸ்ஸப் புடிச்சு சாஸ்தா கோயிலுக்கு வந்து நிக்கவங்களுக்கு, இந்தப் படத்துல எதையும் வெளக்கிச் சொல்ல வேண்டியதே இல்ல. எங்க அத்த, அதாவது எங்க வீட்டுக்காரரோட அம்மா, படம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துலயே "அங்கனயும் நம்மளப் போலத்தாம் படைக்காவ"ன்னாவ. செத்தவங்க ஊருக்கும் இந்த ஊருக்கும் நடுவுல ஒரு பாலம் வருது, முழுக்க ஆரஞ்சு கலர்ல பூ எதழாவே கட்டுன பாலம், அதப் பாத்ததும் "ஏ, கேந்திப்பூவுலா!"ன்னு சேர்லேர்ந்து முன்னால வந்துட்டாவ. கேந்தியேதான். நம்ம சாமிக்கும் சாவுக்கும் மாலையாக் கட்டுத அந்தப் பூவுக்கு சொந்த ஊரே மெக்சிகோ பக்கந்தான், பொறவு கப்பல் ஏறி நம்ம நாட்டுக்கு வந்தது. அத்தைக்கு இத நான் சொன்னப்போ நம்பவே இல்ல, இன்னும் நம்புனாவளான்னு தெரியல.

படம் ஓடும்போது நான் திரையப் பாத்த நேரத்துக்கு சமமா வீட்டு ஆளுகளோட மூஞ்சியையும் பாத்தேன். சின்னவனுக்கு அந்த நாய்தான் படமே. டான்டேன்னு ஒரு நாய், ஒடம்புல முடியே இல்லாம, நாக்கு வெளிய தொங்கிக்கிட்டு, எங்க போனாலும் முட்டி மோதி விழுத நாய், அது வந்தாலே சிரிப்பு. எலும்புக்கூடு மண்ட கழண்டு விழுந்து தானே திரும்ப மாட்டிக்கிட்டா அவனும் அவங்க அக்காளும் உருண்டு பெரண்டு சிரிக்காவ. எங்க வீட்டுக்காரரு சிரிச்ச எடம் வேற. செத்தவங்க ஊர்லேர்ந்து இந்தப் பக்கம் வரணும்னா அங்கயும் ஒரு செக்போஸ்ட், கவுண்டர், வரிசை, யூனிஃபார்ம் போட்ட ஆபீசரு, உங்க வீட்டுல உங்க போட்டோ வச்சிருக்காவளான்னு மெஷின்ல பாத்துட்டுத்தான் விடுவாங்க, வைக்கலன்னா கெடையாது போ. செத்த பொறவும் ஆபீஸ், செத்த பொறவும் க்யூ! ஒரு சர்டிபிகேட்டுக்காக நாலு ஆபீஸ் ஏறி எறங்குனவங்களுக்கு அந்த சீன் புரியுத மாதிரி ஆறு வயசுப் பையனுக்குப் புரியாது, புரியவும் வேண்டாம், அவனுக்கு அந்த எலும்புக்கூடு பாலத்துல குதிச்சு பூவுக்குள்ள முங்குததே போதும். ஆனா அதே முங்குத சீன்ல நானும் அத்தையும் சிரிக்கல. ஹெக்டர்னு அந்த ஆளு, அவர் போட்டோவ ஒருத்தரும் வைக்கல. அதான் பூப்பாலம் அவரத் தாங்கல. மக வீட்டுக்குப் போகணும்னு வேஷம் போட்டு, பொய் சொல்லி, என்னென்னமோ பண்ணிப் பாக்காரு. பாலம் கால உள்ள இழுக்கு.

நான் சொல்ல வர்றது இதுதான். ஒரே சீன், ஒரே நேரம், பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்க மூணு தலமுற, ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க வாழ்ந்த வருசம் எத்தனையோ அத்தன ஆழத்துக்கு படம் எறங்குது. சொதி சாப்பாடு போடும்போது புள்ளையள் உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு அடிச்சுக்கிடும், பெரியவங்க இஞ்சித் தொவையல தேடுவாவ, ரெண்டும் அந்த எலையிலதான் இருக்கு, அது போலத்தான். பெரியவங்களுக்குன்னு தனியா ஒரு ரெட்டை அர்த்த ஜோக்க ஒளிச்சு வைக்கது இல்ல நல்ல குடும்பப் படம்ங்கது. அப்படி ஜோக்குக்காக எடுத்த படங்களும் இருக்கு, ஒரு தடவ சிரிச்சிட்டு மறந்துருவோம். இது மறக்காது.

அந்தப் போட்டோ விஷயத்துக்கு வாரேன். மிகேல் வீட்டுப் படியில மேல வச்சிருக்க போட்டோவுல இமெல்டா இருக்காவ, சின்னப் புள்ள இருக்கு, பக்கத்துல நிக்க ஆம்பளைக்கு மட்டும் மூஞ்சி இல்ல, அந்த மூலையக் கிழிச்சிட்டாவ. இத எந்தக் கொழந்தையும் கதையில வார ஒரு மர்மம்னுதான் பாக்கும். நம்ம வீடுகள்ல பழைய ஆல்பத்த எடுத்துப் பாருங்க. கல்யாண குரூப் போட்டோவுல ஒரு தலைய மட்டும் கத்தரிச்சிருப்பாவ, இல்லன்னா ஒரு ஆளு பேரு வந்தாலே பேச்ச மாத்திருவாவ. சொத்துத் தகராறு, சாதி மாத்திக் கட்டிக்கிட்டது, ஓடிப்போனது, ஏதோ ஒண்ணு. ரெண்டு தலமுற கழிச்சு யாரு மேல தப்பு இருந்துச்சுன்னே தெரியாது, ஆனா கோவம் மட்டும் நக நட்டு மாதிரி கைமாறி வந்துக்கிட்டே இருக்கும். இந்தப் படத்துல கடைசியில தெரியுது, அந்த மூஞ்சி இல்லாத மனுசன் ஹெக்டர்தான், அவரு குடும்பத்த விட்டுட்டு ஓடல, வீட்டுக்குத் திரும்பி வரணும்னு பொட்டிய எடுத்து கெளம்புன அன்னிக்கே கூட இருந்தவன் விஷம் வச்சுக் கொன்னுட்டு அவரு பாட்டத் திருடிப் பெரிய ஆளாயிட்டான். அத்தன வருசமும் வீடு அவர வஞ்சிக்கிட்டே இருந்துருக்கு. இது கொழந்தைப் படமா? கொழந்தைக்கும் புரியுத படம், அவ்வளவுதான்.

இங்க எனக்கு முத்துப்பட்டன் கதை ஞாபகம் வந்துட்டு. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனவங்களுக்குத் தெரியும், முத்துப்பட்டனத்தான் அங்க பட்டவராயன்னு கும்புடுதாவ, அந்தச் சன்னதியில செருப்பக் காணிக்கையா வைப்பாங்க. பிராமணனாப் பொறந்த முத்துப்பட்டன் பொம்மக்கா திம்மக்கான்னு செருப்பு தைக்க குடும்பத்துப் பொண்ணுகளக் கட்டி, அவங்களுக்காக அந்தத் தொழிலையே ஏத்துக்கிட்டு, மாடு திருட வந்தவங்களோட சண்ட போட்டு வெட்டுப்பட்டுச் செத்தாரு. அந்த அநியாயச் சாவ வில்லுல கட்டிப் பாடிப் பாடித்தான் நம்ம சனம் இன்னிக்கும் அவர உசுரோட வச்சிருக்கு. மெக்சிகோக்காரங்களுக்கு முத்துப்பட்டனத் தெரியாது, நமக்கு ஹெக்டரத் தெரியாது. ஆனா கொல்லப்பட்டவன மறந்துராம இருக்கதுக்கு ரெண்டு ஊரும் கண்டுபுடிச்ச வழி ஒண்ணுதான், பாட்டு. கோயில்கொடையில வில்லுப்பாட்டு கேட்டு வளந்தவங்க இந்தப் படத்த வேற யாரையும் விட நல்லாப் புரிஞ்சுக்கிடுவாங்கன்னு நான் உறுதியாச் சொல்லுவேன், இத விமர்சனம் எழுதுதவங்க ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, நாமதான் சொல்லிக்கிடணும்.

அப்புறம் அந்தக் கடைசிக் கட்டம். படத்தோட பேரே கோகோதான், ஆனா கோகோங்கது பையன் இல்ல, அவனோட பூட்டி. இமெல்டாவோட மக, போட்டோவுல இருந்த அந்தச் சின்னப் புள்ளதான் இப்ப பல்லில்லாத கெழவியா சக்கர நாற்காலியில உக்காந்திருக்கு, ஞாபகம் போயிருச்சு, பெத்த மகளையே அடையாளம் தெரியல. செத்தவங்க ஊர்ல ஹெக்டர் உருவம் மங்கிக்கிட்டே வருது, ஏன்னா இந்த ஒலகத்துல அவர நெனச்சுக்கிட்டு இருக்க ஒரே ஆளு இந்தக் கெழவிதான், அதுவும் மறந்துட்டா அங்கயும் அவரு இல்லாமப் போயிருவாரு. பையன் ஓடி வந்து, அவங்க சின்னப் புள்ளையா இருக்கும்போது அப்பா ஹெக்டர் அவங்களுக்காகக் கட்டுன பாட்ட கிட்டார்ல மெதுவாப் பாடுதான். மொதல்ல ஒண்ணும் இல்ல. பொறவு வெரல் அசையுது. பொறவு ஒதடு. அந்தச் சுருக்கம் விழுந்த மூஞ்சிய வரைஞ்சவங்க கையில முத்தம் குடுக்கணும், கண்ணு ஓரத்துல, மோவாயில, ஒவ்வொரு சுருக்கமும் ஒரு நெஜக் கெழவியோட மூஞ்சியில இருக்கது போலயே. எங்க அத்த முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டாவ. அவங்க அம்மாவும் கடைசிக் காலத்துல அப்படித்தான் இருந்தாவளாம், யாரையும் தெரியாம, ஆனா தாலாட்டு மட்டும் வரி வரியா வருமாம். இத நான் அந்த வீட்டுக்கு மருமகளா வந்து இத்தன வருசத்துல கேட்டதே இல்ல. பெரியவ போயி ஆச்சி மடியில படுத்துக்கிட்டு "அந்தத் தாலாட்டு உங்களுக்குத் தெரியுமா ஆச்சி"ன்னு கேட்டா. தெரிஞ்ச வரைக்கும் பாடுனாவ. படத்த நிப்பாட்டி வச்சிட்டுக் கேட்டோம்.

ஏன் இதெல்லாம் அனிமேஷன்ல மட்டும் இவ்வளவு நல்லா வருதுன்னு நான் யோசிச்சதுண்டு. நடிகரு நடிக்க படத்துல நாம ஆளப் பாக்கோம், அவரு போன படத்துல எப்படி இருந்தாரு, வயசாயிட்டோன்னு பாக்கோம். இதுல அந்தத் தொந்தரவே இல்ல, மனசு நேரா கதைக்குப் போயிருது. இன்னொண்ணு, அனிமேஷன்ல தற்செயலா ஒண்ணுமே வராது. கேமரா முன்னால காத்தடிச்சு எல அசைஞ்சதுன்னு ஒண்ணு கெடையாது, ஒரு எல அசையணும்னாலும் யாராவது உக்காந்து அசைக்கணும். இந்தப் படத்துல பையன் கிட்டார் வாசிக்கும்போது வெரலப் பாருங்க, வார சத்தத்துக்கு சரியா வெரல் வைக்கான். நெஜப் பாட்டுக்காரங்க கிட்டார்லயே சின்ன கேமராவக் கட்டி வாசிக்க வச்சுப் படம் புடிச்சு, அதப் பாத்து பாத்து செஞ்சிருக்காங்க. புள்ளையளுக்குத்தானேன்னு கை விட்டிருந்தா யாரு கண்டுபுடிக்கப் போறா? கை விடல. அந்த மரியாதைக்காகவே பெரியவங்க உக்காந்து பாக்கலாம்.

இதே கம்பெனியோட மத்த படங்களும் இந்த வழியிலதான். 'ஃபைண்டிங் நீமோ' 2003-ல வந்தது, புள்ளைக்கு அது கடலுக்குள்ள நடக்க சாகசம், பெத்தவங்களுக்கு அது புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வாசல்லயே நிக்க ஒரு தகப்பனோட பயம். 2009-ல வந்த 'அப்' ஆரம்பத்துல ஒரு தம்பதியோட முழு வாழ்க்கையையும் பேச்சே இல்லாம சில நிமிசத்துல காட்டுவாங்க, வெறும் இசையும் படமும், கொழந்த இல்லாத வருத்தத்த அவ்வளவு மென்மையா எந்தப் படத்துலயும் நான் பாக்கல. 'ராட்டடூயி' 2007, ஒரு எலி சமைக்க கத, அதுல கடுகடுன்னு இருக்க ஒரு சாப்பாட்டு விமர்சகர் ஒரு வாய் வச்சதும் சின்னப் பையனா அம்மா சமையக்கட்டுக்கே போயிருவாரு, ஊர விட்டுட்டு சென்னையிலயும் துபாய்லயும் மெஸ்ஸுல சாப்பிடுதவங்களுக்கு அந்த ஒரு ஷாட் போதும். வயசுக்கு வார புள்ளைய வீட்டுல வச்சிருக்கவங்க 2024-ல வந்த 'இன்சைடு அவுட் 2' பாத்தே ஆகணும், அந்தப் பொண்ணோட தலைக்குள்ள பதட்டம் வந்து ஸ்டியரிங்கப் புடிக்க எடம் எனக்கு எங்க பெரியவளப் பத்தி நெறைய சொல்லிக் குடுத்துச்சு.

நம்ம நாட்டுல எடுத்த 'மகாவதார் நரசிம்மா' 2025-ல வந்தப்போ எங்க தெருவுல வயசானவங்ககூட கெளம்பிப் போனாவ. கீழப்பாவூர்ல பதினாறு கையோட இருக்க நரசிம்மரக் கும்புடுத சனத்துக்கு அது பெரிய சந்தோசம்தான், கடைசிக் காட்சி பிரமாதம். ஆனா அங்க பெரியவங்கள இழுத்தது பக்தி. படமா எடுத்துக்கிட்டா பிரகலாதன் மனசுக்குள்ள என்ன நடக்குன்னு இன்னும் கொஞ்சம் காட்டிருக்கலாம், சண்டையக் கொறச்சுருக்கலாம். அந்த அளவுக்கு ஆளும் காசும் போட்டு, அடுத்து முத்துப்பட்டன் மாதிரி ஒரு கதைய யாராவது எடுத்தா நான் மொத ஷோவுல இருப்பேன்.

தமிழ் டப்பிங் பத்தியும் சொல்லணும். சுட்டி டிவியில ஜாக்கிசான் கார்ட்டூன் பாத்து வளந்தவங்களுக்குத் தெரியும், நல்ல டப்பிங் இருந்தா அந்தப் படம் நம்ம ஊருப் படமாயிரும். 2019-ல வந்த 'லயன் கிங்'க தமிழ்ல பாருங்க, ரோபோ சங்கரும் சிங்கம்புலியும் பன்னியாவும் கீரியாவும் அடிக்க கூத்து, மனோபாலா பறவைக்குக் குடுத்த குரல்! மனோபாலாவும் இல்ல, ரோபோ சங்கரும் இல்ல இப்ப, புள்ளையள் அது தெரியாம அந்தக் குரலக் கேட்டு சிரிக்கிது. 'கோகோ'வ நாங்க இங்கிலீஷ்லதான் பாத்தோம், அத்தைக்காக நான் ஊடால ஊடால தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன். அது ஒண்ணும் கஷ்டமா இல்ல, பாதிக்கு மேல அத்தையே எனக்குச் சொல்ல ஆரம்பிச்சிட்டாவ.

கொறைன்னு பாத்தா, நடுவுல தொரத்திக்கிட்டு ஓடுத கட்டம் கொஞ்சம் நீளம், அந்தப் பெரிய பாடகரோட மாளிகை பார்ட்டியெல்லாம் சீக்கிரம் முடிச்சிருக்கலாம். கெட்டவன் யாருன்னு தெரிஞ்ச பொறவு அவன் வெறும் கெட்டவனா மட்டும் ஆயிருதான், ஒரு நல்ல கூட்டாளி ஏன் கொலகாரன் ஆனான்னு இன்னும் கொஞ்சம் சொல்லிருந்தா பெரியவங்களுக்கு இன்னும் வலிச்சிருக்கும். மத்தபடி 105 நிமிசம்தான், ராத்திரி சாப்பாட்ட முடிச்சிட்டு உக்காந்தா பத்து பத்தரைக்கு படுத்துரலாம்.

எலும்புக்கூட்டுக்கு புள்ளையள் பயப்படுமான்னு கேட்டீயன்னா, எங்க சின்னவன் பயப்படல, அதுக எல்லாம் கலர் கலரா பூ போட்டு சிரிச்ச மூஞ்சியாத்தான் இருக்கு. ஆனா பெரிய மணி ஒருத்தர் மேல விழுத எடமும், விஷம் குடுத்தது தெரியுத எடமும் அஞ்சு வயசுக்குக் கொறைஞ்ச புள்ளைக்குக் கொஞ்சம் கனம், பக்கத்துல உக்காந்துக்கிடுங்க. வீட்டுல சமீபத்துல சாவு நடந்திருந்தா ஒரு வருசம் கழிச்சுப் பாருங்க, இல்ல அழுது ஆத்திக்கிடணும்னு தோணுனா ஒடனே பாருங்க, அது உங்க மனசப் பொறுத்தது. பேரு போடும்போது ஆஃப் பண்ணிராதீய, அந்தப் படத்துல வேல பாத்தவங்க தங்கள விட்டுப் போனவங்க போட்டோவயெல்லாம் கடைசியில வரிசையா வச்சிருக்காங்க. ஹெட்போன்ல தனியாப் பாக்காம ஹால்ல சத்தமா வச்சுப் பாருங்க, பாட்டு நல்ல பாட்டு. எங்க வீட்டுல அடுத்தது 'அப்', அத்தையே கேட்டுட்டாவ.